"அன்னைக்கு நைட்டே கூட்டிட்டு போயிருந்தா"

எங்க அப்பா 2018 ஆவணி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியக்காலையில செத்துப் போனாரு. இதை இப்படி நேரா எழுதறதுக்கே எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுவரைக்கும் யாரு கேட்டாலும் "சடன் டெத்ங்க, மாசிவ் அட்டாக், அரை மணி நேரத்துல எல்லாம் முடிஞ்சுருச்சு"ன்னு தான் சொல்லுவேன். கேதத்துக்கு வந்தவங்க, ஆபீஸ்ல இருக்கறவங்க, தெருவுல பாத்து விசாரிக்கறவங்க, போன்ல கேட்டவங்க எல்லாருக்கும் அதே வரி, அதே வரிசை, ஒரு வார்த்தை கூட மாறாது. டாக்டர் சொன்ன இங்கிலீஷ் வார்த்தைய அப்படியே எடுத்து வச்சுக்கிட்டேன், அதுல அப்பாவும் இல்ல நானும் இல்ல, அதனால சொல்றதுக்கு ஈஸியா இருந்துச்சு.

உள்ளுக்குள்ள இன்னொரு வரி ஓடிட்டே இருந்துச்சு. "அன்னைக்கு நைட்டே கூட்டிட்டு போயிருந்தா." அதை ஒருத்தர்கிட்டயும் சொல்லல.

நடந்தது என்னன்னா, அப்பா மதுரையில கவர்மெண்ட் பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, அம்மாவும் அவரும் எங்க வீட்டுல எங்களோடதான் இருந்தாங்க. அன்னைக்கு ராத்திரி பத்தரை மணி இருக்கும், "நெஞ்சு கரிக்குதும்மா, ஒரு மாதிரி அழுத்துது"ன்னாரு. சாயங்காலம் வெளிய புரோட்டா சாப்பிட்டிருந்தாரு, அதனால வாயுவாத்தான் இருக்கும்னு ஓமத்தண்ணி வச்சு கொடுத்தேன், நல்லா வேர்த்திருந்துச்சு, புழுக்கம்னு நினைச்சு பேனை கூட்டி வச்சுட்டு நான் போய் படுத்துட்டேன். விடிய நாலே முக்காலுக்கு அம்மா கத்துன சத்தத்துலதான் முழிச்சேன். 108 வந்துச்சு, ஆஸ்பத்திரியில பாத்துட்டு உயிர் இல்லன்னுட்டாங்க. (இதைப் படிக்கறவங்க தயவுசெஞ்சு ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, நெஞ்சுல அழுத்தம், அதோட வேர்வை, கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுற வலி, மூச்சு முட்டல் இதெல்லாம் வந்தா வாயுன்னு முடிவு பண்ணாதீங்க, விடியட்டும்னு காத்திருக்காதீங்க, உடனே 108-ஐ கூப்பிடுங்க.)

துக்கத்தை நாம எந்த வார்த்தையில பேசறோமோ அதுக்கும் நாம அதுல இருந்து எந்திரிச்சு நடக்கறதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எனக்கு புரிஞ்சது ரொம்ப லேட்டா. அதைத்தான் இங்க எழுதறேன், யாருக்காவது உதவும்.

முதல்ல அந்த "பாடி"ங்கற வார்த்தை. நேத்து ராத்திரி வரைக்கும் அப்பா. காலையில ஆறு மணிக்கு "பாடிய எப்ப வாங்கிக்கறீங்க?" வீட்டுக்கு வந்தா "எப்ப எடுக்கறாங்க?" யாரும் தப்பா கேக்கல, எல்லா ஊர்லயும் அப்படித்தான் கேக்கறாங்க, நானே எத்தனையோ வீட்டுல அப்படி கேட்டிருக்கேன். ஆனா அப்பாவுக்கு அந்த வார்த்தைய கேட்டப்ப வயித்துல என்னமோ கழண்டு விழுந்த மாதிரி இருந்துச்சு. அன்னைல இருந்து நான் எந்த துட்டி வீட்டுக்கு போனாலும் "அப்பாவ எப்ப கூட்டிட்டு போறீங்க", "அம்மாவுக்கு மாலை போடணும்"னு உறவு சொல்லித்தான் பேசறேன். கேக்கறவங்க முகத்துல அதுக்கே ஒரு சின்ன ஆறுதல் தெரியும்.

அப்பாவோட அக்கா, எங்க அத்தை, மேலூர் பக்கம் கிராமத்துல இருந்து வந்தாங்க. ஆட்டோல இருந்து இறங்கும்போதே ஆரம்பிச்சுட்டாங்க.

"விசிலடிச்சா வண்டி நிக்கும், என் கூடப்பொறந்த பொறப்பே,
வீதியில நான் கத்துறேன், நீ நிக்காமப் போறியே"

எனக்கு அப்ப கூச்சமா இருந்துச்சு, உண்மையச் சொல்றேன். ஆபீஸ் ஆளுங்க எல்லாம் வந்து உக்காந்திருக்காங்க, அத்தை நடுவுல தலைய விரிச்சு போட்டுக்கிட்டு மாரடிக்கிறாங்க, பெரியம்மாவும் சித்தியும் தோள்ல கை போட்டு வட்டமா உக்காந்து கூடவே பாடறாங்க. யாராவது அத்தைய கொஞ்சம் உள்ள கூட்டிட்டு போகக்கூடாதான்னு நினைச்சேன். இன்னைக்கு யோசிச்சா அன்னைக்கு அந்த வீட்டுல முறையா துக்கம் அனுபவிச்ச ஒரே ஆள் அவங்கதான்னு தோணுது. ஒப்பாரிய கவனிச்சு கேட்டுப் பாருங்க. செத்தவங்கள பத்தி பேசாது, செத்தவங்க கிட்டயே பேசும். நீ, நீ, நீ. சின்ன வயசுல ரெண்டு பேரும் கண்மாயில விழுந்தது, கல்யாணத்துக்கு அப்பா கடன் வாங்கி சீர் செஞ்சது, நடுவுல ரெண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாம இருந்தது, அந்த கோவம் கூட அதுல வந்துச்சு. மெட்டு எல்லாருக்கும் பொது, வரி அவங்களோடது. பாட்டு நடுவுல அழுகை வரும், மூச்சு வாங்கும், எந்திரிச்சு மூக்கைச் சிந்திட்டு ஒரு காபி குடிப்பாங்க, அடுத்த ஆள் உள்ள நுழைஞ்சா திரும்ப கட்டிப்பிடிச்சு ஆரம்பிப்பாங்க. பதினாறாம் நாள் கருமாதி அன்னைக்கு பேரப்புள்ளைக்கு சோறு ஊட்டிக்கிட்டு அப்பாவோட பழைய சேட்டைய சொல்லி சிரிச்சாங்க. அது எப்படி முடியுதுன்னு எனக்கு கோவமே வந்துச்சு.

அண்ணன் ஷார்ஜாவுல இருந்து வந்தான். அவன் அழவே இல்ல. வந்ததும் பந்தல்காரர் கணக்கு, டெத் சர்டிபிகேட், அம்மாவுக்கு பென்ஷன் மாத்தறதுக்கு என்னென்ன பேப்பர் வேணும், இதெல்லாம்தான். பத்து நாள் லீவுல அப்பாவோட டிவிஎஸ் 50-ஐ பிரிச்சு கழுவி ரெடி பண்ணி வச்சுட்டு போனான். போறதுக்கு முந்துன நாள் நான் வெடிச்சுட்டேன், "உனக்கு கொஞ்சம் கூட அழுகை வரலயாடா, கல்லாடா நீ"ன்னு. அவன் ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் ஆறு மாசம் எங்கிட்ட பேசல, ஆனா அம்மாவுக்கு மட்டும் தினமும் போன் பண்ணி "அப்பா வண்டிய ஸ்டார்ட் பண்ணி வச்சீங்களா"ன்னு கேப்பான். அந்த கேள்விதான் அவனோட அழுகைன்னு எனக்கு அப்ப புரியல. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட்னு நெதர்லாந்துல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1999-ல இதைப் பத்தி எழுதியிருக்காங்க. துக்கத்துல இருக்கறவங்க ரெண்டு பக்கமும் மாறி மாறி போய்ட்டு வருவாங்களாம், கொஞ்ச நேரம் இழப்புக்குள்ள, கொஞ்ச நேரம் பென்ஷன் பேப்பர், மோட்டார் ரிப்பேர், புள்ளைங்க ஸ்கூல் மாதிரி மிச்ச வாழ்க்கைக்குள்ள. ரெண்டுமே துக்கம்தான். ஒருத்தர் இந்தப் பக்கம் அதிக நேரம் நிப்பாங்க, இன்னொருத்தர் அந்தப் பக்கம். அண்ணன் அந்தப் பக்கம். அவனை கல்லுன்னு சொன்னதுக்கு அப்புறமா மன்னிப்பு கேட்டேன், "சரி விடு, வண்டிக்கு பெட்ரோல் போட்டியா"ன்னான்.

வந்தவங்க சொன்னது எல்லாத்தையும் எழுத முடியாது. "நல்ல சாவும்மா, படுக்கையில விழாம போய்ட்டாரு." "நீ அழுதா அம்மாவ யாரு தேத்தறது." "எல்லாம் எழுதி வச்சது." நல்ல மனசோட சொன்னதுதான். ஆனா ஒவ்வொண்ணும் என் வாய மூடுச்சு, ஏன்னா நல்ல சாவுன்னு முடிவான அப்புறம் நான் எங்க போய் ஓமத்தண்ணி கதைய சொல்றது? தூரத்து சொந்தம் ஒருத்தர் எல்லாத்தையும் விசாரிச்சுட்டு "ராவே ஒரு டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாமேம்மா"ன்னு சொல்லிட்டு காபிய வாங்கிக்கிட்டாரு. அந்த "லாமே" எத்தனை நாள் என்னை தூங்க விடலன்னு அவருக்கு தெரியாது. கேதம் கேக்கப் போறவங்க அந்த ஒரு சொல்லை வாசல்ல செருப்போட விட்டுட்டு உள்ள போங்க. காட்டியிருக்கலாமே, கவனிச்சிருக்கலாமே. அந்த வீட்டுல இருக்கறவங்க அதை தங்களுக்குத் தாங்களே ஆயிரம் தடவை சொல்லி முடிச்சிருப்பாங்க.

மனசுல நின்ன ஆள் ஒருத்தர் உண்டு, அப்பாவோட பழைய டிரைவர். அவர் எப்படி செத்தாருன்னு கேக்கவே இல்ல. பெஞ்சுல உக்காந்து, "உங்கப்பா டிக்கெட் பின்னாடி மிச்ச சில்லறைய எழுதிக் கொடுத்தா, அந்த ஆளு வாங்காம இறங்கிட்டாக்கூட மறுநாள் அதே ட்ரிப்புல தேடிப் பிடிச்சு கொடுப்பாரும்மா"ன்னு ஆரம்பிச்சு அரை மணி நேரம் பேசினாரு. நத்தம் ரோட்டுல கடைசி ட்ரிப்புல ஒரு பொம்பளப் புள்ள இறங்கினா, கூட்டிட்டு போக ஆள் வர்ற வரைக்கும் வண்டிய எடுக்க விடமாட்டாராம். அம்மா முந்தானையால முகத்தை துடைச்சுட்டு "ஆமா, அதுக்கு டெப்போல திட்டு கூட வாங்கினாரு"ன்னு சேந்து பேச ஆரம்பிச்சாங்க. மூணு நாளா பாடியா இருந்தவரு அந்த அரை மணி நேரம் திரும்பவும் கண்டக்டரா வீட்டுக்குள்ள வந்துட்டு போனாரு.

என் பையனுக்கு அப்ப ஆறு வயசு. அவனுக்கு "தாத்தா தூங்கறாரு, சாமிகிட்ட போறாரு"ன்னு யாரோ சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் ராத்திரி தூங்கவே பயந்தான், நான் கண்ணை மூடினா வந்து இமைய பிரிச்சு பாப்பான். ஒரு வாரம் கழிச்சுதான் விஷயம் புரிஞ்சுது. மடியில உக்கார வச்சு, "தாத்தா செத்துட்டாருடா. செத்துட்டா இதயம் ஓடாது, மூச்சு விட முடியாது, பசிக்காது, வலிக்காது, திரும்ப எந்திரிக்க மாட்டாங்க. தூங்கறது வேற, தூங்கினா எல்லாம் உள்ள ஓடிட்டேதான் இருக்கும்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் என் நெஞ்சுல காதை வச்சு கேட்டுட்டு, "தாத்தாவுக்கு இப்பவும் பால்கோவா பிடிக்குமா?"ன்னான். நம்ம மொழியில "பிடிக்கும்"ங்கறது இன்னைக்கும் பொருந்தும் நாளைக்கும் பொருந்தும். பெரியவங்க யாரோ "பிடிக்கும்னு சொல்லக்கூடாது, பிடிச்சுதுன்னு சொல்லு"ன்னு திருத்தினாங்க. நான் விடல. பிடிக்கும்னே சொல்லட்டும். செத்துட்டாருன்னு தெளிவா தெரிஞ்ச புள்ளைக்கு "பிடிக்கும்"னு சொல்றதால ஒண்ணும் குழப்பம் வராது.

அவனுக்கு அவ்வளவு தெளிவா சொன்ன நான் எனக்கு சொல்லிக்கல. பதினோரு மாசம். தினமும் ராத்திரி ரெண்டரை மூணுக்கு முழிப்பு வரும், அந்த "கூட்டிட்டு போயிருந்தா" ஓடும், அப்புறம் விடியும். ஒரு நெருங்கின பிரெண்டுகிட்ட மட்டும் தினம் போன்ல பேசுவேன், ஆனா அதுவும் ஒரே பல்லவி, நேத்து சொன்னதையே இன்னைக்கும் சொல்லுவேன், வச்ச அப்புறம் பாரம் கூடியிருக்கும். வாட்ஸ்அப்ல யாரோ துக்கத்துக்கு அஞ்சு கட்டம் உண்டுன்னு அனுப்பினாங்க, நான் எந்த கட்டத்துல நிக்கறேன்னு தேடித்தேடி பாத்தேன், எதுலயும் இல்ல, அதுக்கும் சேத்து பயந்தேன். எலிசபெத் கூப்ளர் ராஸ்ங்கற மனநல டாக்டர் 1969-ல அதை எழுதினது சாகப்போற நோயாளிங்ககிட்ட பேசினதை வச்சுன்னும், எல்லாரும் அந்த வரிசையில போகணும்னு ஒரு கட்டாயமும் இல்லன்னும் ரொம்ப பின்னாடிதான் தெரிஞ்சுது.

ஆபீஸ்ல கணக்குல தப்பு வர ஆரம்பிச்சப்ப பயந்து போய் ஒரு மனநல ஆலோசகர பாத்தேன். அவங்க கிட்டயும் முதல்ல "சடன் டெத், மாசிவ் அட்டாக்"தான் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அந்த ராத்திரி நீங்க எங்க இருந்தீங்க?"ன்னாங்க. அவ்வளவுதான். பதினோரு மாசத்துல யாரும் கேக்காத கேள்வி. நாப்பது நிமிஷம் அழுதேன்.

அப்புறம் ஒரு வேலை கொடுத்தாங்க. தொடர்ந்து நாலு நாள், ஒரு நாளைக்கு பதினஞ்சு நிமிஷம், அந்த ராத்திரிய பத்தி எழுதணும், எழுத்துப்பிழை பாக்கக்கூடாது, யாருக்கும் காட்ட வேண்டியதில்ல, வேணும்னா கிழிச்சுப் போடலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர்ங்கற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1986-ல வெளியிட்ட ஆய்வுல இருந்து வந்த முறை இது. காலேஜ் பசங்களை மனசுல அழுத்தற விஷயத்தை நாலு நாள் எழுத வச்சாரு, எழுதினவங்க அடுத்து வந்த மாசங்கள்ல டாக்டர்கிட்ட போனது கொறஞ்சுது. அதுக்கும் மேல அவர் பின்னாடி கண்டுபிடிச்சதுதான் என்னை யோசிக்க வச்சுது. எழுதினதை எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு வார்த்தை வார்த்தையா எண்ணிப் பாத்திருக்காங்க. யாரு தேறினாங்கன்னா, முதல் நாள்ல இருந்து நாலாம் நாளுக்குள்ள "ஏன்னா", "அதனால", "இப்ப புரியுது" மாதிரி வார்த்தைங்க யாருக்கு கூடிட்டே போச்சோ அவங்க. அதே மாதிரி நான், நான்னே எழுதாம ஒரு நாள் நான், ஒரு நாள் அவங்கன்னு கோணம் மாத்தி எழுதினவங்க. முதல் நாளே எல்லாம் புரிஞ்ச மாதிரி தெளிவா எழுதறதால பிரயோஜனமில்ல, நாளுக்கு நாள் அந்த கதை நகரணும்.

நான் கணக்கு பாக்கறவ, அதனால நானும் எண்ணினேன். முதல் நாள் ரெண்டு பக்கத்துல "இருந்தா"ன்னு முடியற வரி 23. போயிருந்தா, கேட்டிருந்தா, முழிச்சிருந்தா. ரெண்டாம் நாளும் ஏறக்குறைய அப்படித்தான், அன்னைக்கு எழுதி முடிச்சுட்டு ரொம்ப மோசமா இருந்துச்சு, விட்டுடலாமான்னு தோணுச்சு. மூணாம் நாள் என்ன ஆச்சுன்னு தெரியல, அப்பா பக்கத்துல இருந்து எழுத ஆரம்பிச்சேன். அப்பதான் அவர் சொன்ன ஒரு விஷயம் திரும்ப வந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு போவோமான்னு நான் கேட்டிருக்கேன்! பதினோரு மாசமா அது எனக்கு ஞாபகமே இல்ல. "காலையில பாத்துக்கலாம், உனக்கு நாளைக்கு ஆடிட் இருக்குன்னியே, போய் படு"ன்னு சொன்னது அவரு. நாலாம் நாள்ல "இருந்தா" ஆறோ ஏழோதான், "ஏன்னா" வந்திருந்துச்சு. ஏன்னா அவருக்கும் வாயுன்னுதான் பட்டுச்சு. ஏன்னா முப்பது வருஷம் பஸ்ல நின்னவரு எதையும் பெருசா சொல்ல மாட்டாரு. குத்த உணர்ச்சி அதோட காணாம போயிடல. ஆனா ஒரே வரியா இருந்தது ஒரு ராத்திரியா விரிஞ்சுது, அந்த ராத்திரியில நான் மட்டும் இல்ல, அவரும் இருந்தாரு.

வருஷ திவசம் முடிஞ்ச அன்னைக்கு அம்மாகிட்ட இதை சொன்னேன். ஓமத்தண்ணி, வேர்வை, ஆடிட், எல்லாம். அம்மா ரொம்ப நேரம் எதுவும் பேசல. அப்புறம், "ரெண்டு மணிக்கு உங்கப்பா எந்திரிச்சு தண்ணி குடிச்சாரு. நான் முழிச்சுத்தான் கெடந்தேன். என்னன்னு கேட்டேன், ஒண்ணுமில்ல நீ படுன்னாரு. உன்னை எழுப்பலாம்னு நினைச்சேன், காலையில வேலைக்கு போற புள்ளன்னு விட்டுட்டேன். எழுப்பியிருந்தா..."ன்னாங்க.

ஒரே வீட்டுல, அடுத்தடுத்த ரூம்ல, ஒரு வருஷமா ரெண்டு பேரும் அதே வாக்கியத்தை தனித்தனியா வச்சுக்கிட்டு படுத்திருக்கோம். அம்மா அது வரைக்கும் அப்பாவ பத்தி பேசினா "என்னை விட்டுட்டு போய்ட்டாரே"ன்னு என்னை, என்னைன்னு தான் வரும். இல்லன்னா "நாங்க அப்ப டெப்போ பக்கத்துல குடியிருந்தோம்"னு அவங்களும் அப்பாவும் மட்டும் இருக்கற நாங்க, அதுல எனக்கு எடமில்ல. அன்னைக்கு ராத்திரி தான் முதல் தடவையா "நமக்கு தெரியாம போச்சேம்மா"ன்னாங்க. நமக்கு. நாங்கன்னும் நாமன்னும் ரெண்டு சொல்லு நம்ம மொழியில இருக்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு அன்னைக்குதான் தெரிஞ்சுது, எதிர்ல இருக்கற ஆளையும் சேத்துக்கிட்டா மட்டும்தான் நாம வரும்.

இதைப் படிச்சுட்டு உடனே எல்லாரையும் உக்கார வச்சு எழுதுன்னும் பேசுன்னும் கட்டாயப்படுத்தாதீங்க. எழுதற முறைய துக்கத்துல இருக்கறவங்ககிட்ட பண்ணிப் பாத்தப்ப எல்லாருக்கும் ஒரே மாதிரி பலன் கெடைக்கல, நிறைய பேரு பேசாமலேயே காலப்போக்குல சரியாயிடறாங்க, எங்க அண்ணன் மாதிரி. முதல் சில வாரத்துல எழுத உக்காரவும் வேண்டாம், அப்ப சோறும் தூக்கமும் பக்கத்துல ஆளும் இருந்தா போதும். நீங்க கவனிக்க வேண்டியது ஒண்ணுதான், பேச்சு நகருதா இல்லையா. ஒரே கதைய நூறு தடவை சொன்னாலும் ஒவ்வொரு தடவையும் புதுசா ஏதாவது ஒண்ணு உள்ள வந்தா, ஒரு சிரிப்பு, ஒரு கோவம், வேற ஒரு ஆளு, விடுங்க, சொல்லட்டும், கேளுங்க. "இதையே எத்தனை தடவை சொல்லுவ"ன்னு மட்டும் கேக்காதீங்க. ஆனா மாசக்கணக்கா ஒரு எழுத்து மாறாம அதே வரி சுத்திக்கிட்டே இருந்தா, தூக்கம் சாப்பாடு வேலை எல்லாம் கெட்டுப் போனா, இல்ல "நானும் அவரு கூடயே போயிருந்தா நல்லாருந்திருக்கும்"னு வாயில வந்தா அது சும்மா பேச்சுன்னு விட்டுடாதீங்க. ஆறு மாசத்துக்கு மேலயும் துக்கம் அப்படியே ஆளை முடக்கிப் போட்டிருந்தா அதுக்கு வைத்தியம் தேவைப்படலாம்னு உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்லயே இப்ப இருக்கு. சாகணுங்கற பேச்சு வந்தா ஆறு மாசம் எல்லாம் பாக்கக்கூடாது, அன்னைக்கே ஆளை தனியா விடாம உதவி தேடணும். எனக்கு அப்ப எங்க போறதுன்னே தெரியல, 2022-ல இருந்து டெலி மனஸ்னு அரசு நம்பர் இருக்கு, 14416, காசு இல்ல, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

போன மாசம் எங்க ஆபீஸ்ல கூட வேலை பாக்கற ஒரு அக்காவோட வீட்டுக்காரர் தவறிட்டாரு. பத்து நாள் கழிச்சு, கூட்டம் எல்லாம் ஓஞ்ச அப்புறம் போனேன். போனதும் அவங்க "லிவர் பெயிலியர், லாஸ்ட் ஸ்டேஜ்ல தான் தெரிஞ்சுது"ன்னு சொன்னாங்க, அந்த குரல் எனக்கு நல்லா தெரிஞ்ச குரல். நான் அதைப் பத்தி ஒண்ணும் கேக்கல. சுவத்துல போட்டோ மாட்டியிருந்துச்சு, அதைப் பாத்துட்டு "அண்ணன் உங்களை வீட்டுல என்னன்னு கூப்புடுவாரு?"ன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தாங்க. அப்புறம் ஒரு பேரு சொன்னாங்க, அந்த பேரு எப்படி வந்துச்சுன்னு சொன்னாங்க, அதுல இருந்து அவங்க கல்யாணம், மாமியார் வீடு, முதல்ல வாங்கின கிரைண்டர்னு போய்க்கிட்டே இருந்துச்சு. எட்டு மணிக்கு கெளம்பறேன்னப்ப "அடுத்த ஞாயித்துக்கெழமையும் வர்றியா"ன்னு கேட்டாங்க. வர்றேன்க்கான்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.